எந்தத் திண்ணையில் அமர்ந்து கேட்டனர்?

அரசுகள் தோன்றின, அழிந்தன. படைகள் வந்தன, சென்றன. கிராமம் மட்டும் அன்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது என்றொரு பேச்சு நம் நாட்டில் நெடுநாளாக நடமாடி வருகிறது. மயிலையில் மாலை நேரச் சொற்பொழிவு மண்டபங்களுக்குள் நுழைந்தால் இன்றும் அதனைக் கேட்கலாம். உழுதவன் உழுதான், ஓதியவன் ஓதினான், அவரவர் தொழிலை அவரவர் செய்து அமைதியாக வாழ்ந்தனர், இடையிலே வந்த அரசியல்தான் அனைத்தையும் கெடுத்தது என்று பேச்சாளர் இயம்புவார்; முன்வரிசை தலையசைக்கும். தொன்றுதொட்டு வரும் உண்மையாம்! அந்தப் பேச்சின் வயதோ இருநூறு ஆண்டுகூட இல்லை. 1830இல் சார்லஸ் மெட்காஃப் என்னும் கும்பினி அதிகாரி, இந்தியக் கிராமங்கள் தமக்குத் தாமே நிறைவுற்ற சிறு குடியரசுகள் என்று எழுதி வைத்தார். 1871இல் ஹென்றி மெயின் கீழைநாட்டுக் கிராமத்தையும் மேலைநாட்டுக் கிராமத்தையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஐரோப்பா கடந்து வந்துவிட்ட பழைய நிலையில் இந்தியா இன்னும் நிற்கிறது என்பது அவர் போக்கு. வெள்ளை அதிகாரி எழுதிய குறிப்பு, நாளடைவில் வேதகால உண்மையாகி மேடை ஏறிவிட்டது. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்த மெட்காஃபைப் பெயர் சொல்லியே மறுக்க வேண்டியிருந்தது என்றால், அப்பேச்சின் செல்வாக்கை என்னென்பது!

இதற்கு எதிராகக் கேட்க வேண்டிய கேள்வி மிகச் சிறியது. எந்த ஆண்டில்? ‘முன்பு’ என்றால் எந்த முன்பு? அமைதியாக வாழ்ந்தனர் என்றால் யார், எவருடைய நிலத்தில், என்ன கூலிக்கு? இதை மேடையடியில் நின்று கேட்டுப் பயனில்லை. ஊருக்குச் சென்று எண்ண வேண்டும். எண்ணியவர் மறைந்தபின் இன்னொருவர் அதே ஊருக்குச் சென்று, அதே கேள்விகளைக் கேட்டு, மீண்டும் எண்ண வேண்டும். பின்னர் இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒப்பியல் ஆய்வு, வரலாற்று ஆய்வு என்று பல்கலைக் கழகங்கள் பெரும் பெயர் சூட்டி அழைப்பதன் அடிவேர் இவ்வளவுதான். இந்தப் பணி நமது சென்னையில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. நம் தோழர்களில் பலர் அதனைக் கேள்விப்பட்டதும் இல்லை என்பதால் இங்கே எடுத்துப் பேச முனைகிறோம். போற்ற வேண்டியதைப் போற்றவும், கேட்க வேண்டியதைக் கேட்கவும்.

1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் தலைவர். இங்கிலாந்தின் பொது வயல்கள் வேலியடைக்கப்பட்டு ஏழை உழவன் கையைவிட்டுப் போன வரலாற்றை 1907இல் நூலாக எழுதியவர். தம் நாட்டு உழவன் நிலமிழந்த கதையை நன்கறிந்த ஒருவர், இன்னொரு நாட்டு உழவனைக் காண வருகிறார் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பொருளாதாரம் என்றால் சீமை நூல்களைப் படித்துத் தேர்வெழுதுவது என்றிருந்த காலம் அது. அவர் தம் மாணவரிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, விடுமுறையில் ஊர்களுக்கு அனுப்பினார். எத்தனை குடும்பம்? எத்தனை ஏக்கர்? யாருக்கு எவ்வளவு? மாடு எத்தனை, ஏர் எத்தனை? கூலி நெல்லா, காசா? கடன் யாரிடம்? பள்ளி உண்டா? 1916இல் எடுத்த இக்கணக்குகள் 1918இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற ஆங்கில நூலாக வெளிவந்தன. தெலுங்கு, மலையாள நாட்டு ஊர்களும் அதில் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஐந்து ஊர்களை நாம் நினைவிற் கொண்டால் போதும்: இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டுத் தூசி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு. கடைசி ஊரின் பெயரை அந்நூல் ‘எருவெள்ளிப்பேட்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் உடைந்து போயிற்று. உள்ளே சென்ற செய்திகள் என்னவாயின என்று பார்க்க வேண்டாமா?

அதே 1916இல் இதே நகரில் இன்னொரு கணக்கும் வெளிவந்தது. நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றிற்று. டிசம்பரில் பிட்டி தியாகராயர் பெயரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அந்த அறிக்கையில் ஆவேசம் குறைவு, எண்கள் அதிகம். 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் வென்ற 16 பேரில் 15 பேர் பார்ப்பனர் என்பது அதில் எடுத்துக்காட்டப்பட்ட செய்தி. ஒருபுறம் பேராசிரியரின் மாணவர் கிராமத்து ஏர்களை எண்ணிக்கொண்டிருந்தனர். மறுபுறம் அரசியல் தலைவர்கள் அலுவலகத்து நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தனர். இரண்டும் சமூக அறிவியலே! ஆனால் இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. நிலம் யாரிடம் இருந்ததோ அவர் வீட்டுப் பிள்ளைக்கே பட்டம் எட்டிற்று, பட்டம் பெற்றவருக்கே நாற்காலி கிட்டிற்று என்ற தொடர்பை, இரு ஏடுகளையும் ஒருசேரப் படிக்கும் இன்றைய வாசகர்தான் இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்லேட்டரைப் பற்றி இன்னொரு செய்தி. 1924இல் ‘இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு’ என்றொரு நூலை அவர் எழுதினார். பெயரைக் கேட்டவுடன் நமக்கு இனிக்கும். திராவிடரே பெரும் நாகரிகத்தை வளர்த்தவர் என்று வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் எழுதினால் இனிக்காமல் என்ன செய்யும்! எனினும் பகுத்தறிவாளர் நாக்கின் சுவையை நம்பித் தீர்ப்புரைக்கலாகாது. எகிப்திலிருந்து பண்பாடு உலகெங்கும் பரவிற்று என அக்காலத்தில் சிலர் பேசி வந்த கொள்கையின் நிழல் அந்நூலில் அடர்ந்து கிடக்கிறது. சான்று ஒரு பங்கு என்றால் ஊகம் மும்மடங்கு. நம்மைப் புகழ்ந்த அந்த நூலைவிட, நம் ஊர் மாட்டை எண்ணிய பழைய நூலே பெரிது என்பது நமது முடிந்த முடிபு. புகழ்ச்சி அடுத்த தலைமுறைக்குச் செய்ய ஒரு வேலையும் வைக்காது. கணக்கு வைத்தது.

வைத்த வேலையை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டதுதான் சிறப்பு. 1930களின் விலை வீழ்ச்சியில் நெல் விற்றவன் நிலை குலைந்திருந்த நேரத்தில், பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களுக்கு மீண்டும் ஆள் அனுப்பினர். அந்த மறு ஆய்வு 1940இல் சென்னைப் பல்கலைக் கழக வெளியீடாக வந்தது. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆங்கிலப் பெண்மணி வந்து சென்று, 1967இல் நூலாக்கினார். பின்னர்ப் பொறுப்பு கடற்கரைச் சாலையிலிருந்து தெற்கே நகர்ந்து அடையாற்றை அடைந்தது. 1971இல் மால்கம் ஆதிசேஷையா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் காந்தி நகரில் இருக்கிறது. மரநிழல் விழும் அமைதியான தெரு. தமிழ்நாட்டரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்து, பின்னர் ஆராய்ச்சியாளராக அங்கு அமர்ந்த எஸ். குகன், 1980களின் தொடக்கத்தில் இந்த ஊர்களை மறுபடியும் எண்ணும் பணியை முன்னின்று நடத்தினார். இருவேல்பட்டைப் பற்றி அவரும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்சரும் 1983இல் எழுதினர். அதே ஊருக்கு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவர் 2008இல் சென்று, 2010இல் எழுதினர். ஓர் ஊர், தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள், ஐந்து கணக்குகள்! இங்கிலாந்தில் ரவுண்ட்ரீ என்பவர் யார்க் நகரத்து வறுமையை 1899, 1936, 1950 என மும்முறை எண்ணியதை உலகம் போற்றுகிறது. அது நகரம், எண்ணியவரும் ஒருவரே. ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகக் கை மாற்றிக் கொடுத்து எண்ணிய பணி நம்முடையது.

இருவேல்பட்டின் கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 1916ஆம் ஆண்டின் ஏட்டில் அங்கே ‘படியாள்’ இருக்கிறான். திருமணத்துக்கோ சாவுக்கோ நிலக்கிழாரிடம் வாங்கிய சிறு கடன். அதைத் தீர்க்கும்வரை அவர் பண்ணையில் வேலை. கூலி, படியால் அளக்கப்படும் தானியம். அந்தக் கூலியில் கடன் தீருமா? தந்தைக்குப் பின் மகன் அதே வரப்பில் நின்றான். ஊரின் பெருநிலம் ரெட்டியார் குடும்பங்கள் சிலவற்றின் கையில் இருந்தது. ‘அவரவர் தொழிலை அவரவர் செய்து அமைதியாக வாழ்ந்த’ கிராமம் என்று மயிலை மண்டபத்தில் பேசப்படுவது இதுதான்! மாறாக் கிராமத்தின் அமைதி, கடன் சீட்டின் அமைதி.

2008இல் சென்றவர்கள் கண்டது வேறு. படியாள் முறை மறைந்திருந்தது. ஆதித்திராவிடரும் வன்னியரும் நிலக்கிழாரின் வாசலை நம்பி வாழும் நிலை தளர்ந்திருந்தது. வயலை விட்டு வேறு வேலைக்குச் செல்வோர் பெருகியிருந்தனர். நியாய விலைக் கடை அரிசி, பள்ளிச் சத்துணவு, ஊரக வேலைத் திட்டம், சாதி அமைப்புகளின் அரசியல் எழுச்சி ஆகியன ஏழையின் பேரம் பேசும் ஆற்றலைக் கூட்டியிருந்தன. இதைப் படிக்கும்போது நம் நெஞ்சம் நிமிர்வது இயல்பே. பல்லாண்டுப் போராட்டத்தின் தடம் ஒரு பொருளாதாரக் கட்டுரையின் வரிகளில் தெரிகிறதல்லவா! ஆனால் அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது. நிலக்கிழாரின் அதிகாரம் தேய்ந்த அளவுக்கு அவர்தம் நிலம் தேயவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. 1970இல் வரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. எனினும் ஊரின் நிலம் ஒருசிலர் கையில் குவிந்து கிடக்கும் நிலை அற்றுப் போகவில்லை. உழைப்பவன் தலை நிமிர்ந்தான். கால் பதிக்க நிலம் கிட்டவில்லை. இனிக்கும் பக்கத்தைக் கூட்டத்தில் மேற்கோள் காட்டிக் கசக்கும் பக்கத்தை மடித்து வைப்போமானால், மயிலை மண்டபத்துப் பேச்சாளருக்கும் நமக்கும் வேறுபாடு எங்கே?

இனி, கேட்க வேண்டியவை. 1916இல் ஊருக்குச் சென்ற மாணவர் எந்தத் திண்ணையில் அமர்ந்து வினாத்தாளை விரித்தார்? அன்று கல்லூரி வரை எட்டியவர் பெரும்பாலும் நிலமும் சாதி மேன்மையும் உடைய வீட்டுப் பிள்ளைகள். சேரிக்குள் அவர் கால் வைத்திருப்பாரா? படியாள் பட்ட கடனைக் கொடுத்தவரிடம் கேட்டு எழுதினாரா, பட்டவரிடம் கேட்டு எழுதினாரா? கூலி இத்தனை படி என்று ஏடு சொல்கிறது. படியைப் பிடித்த கை அளந்த அளவா அது, மடியை விரித்தவன் பெற்ற அளவா? நூலைப் படிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் இந்த ஐயம் நம்மைத் தொடர்கிறது. எண் பொய் சொல்லாது என்பர். எண்ணைச் சொன்னவர் யார் என்று கேட்காதவரை அப்படித்தான் தோன்றும்.

இக்குறை ஸ்லேட்டரின் மாணவரோடு ஒழிந்ததுமன்று. தில்லியிலிருந்து வந்து தஞ்சை மாவட்டத்து ஊரொன்றை ஆராய்ந்து, அதற்கு ‘ஸ்ரீபுரம்’ எனப் புனைபெயரிட்டு 1965இல் ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்ற புகழ்பெற்ற நூலை எழுதிய ஆந்த்ரே பெத்தேயி தங்கியது அக்கிரகாரத்து வீட்டில். அங்கே தங்கியதனாலேயே சேரியில் தம் போக்குவரத்து குறுகியது என்பதை அவரே நேர்மையோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும் நூலில் அக்கிரகாரம் ஒளியோடும் சேரி மங்கலாகவும் தெரிவதற்குக் காரணம் எழுத்துத் திறன் அன்று, குடியிருந்த வீடு. நேர்மாறான வழியில் சென்றவர் மேலே குறித்த ஜோன் மென்சர். செங்கற்பட்டு வட்டாரத்தில் ஆதித்திராவிடரோடு பழகி, சாதியைத் தலைகீழாக நின்று, அதாவது அடியிலிருந்து, பார்த்தால் எப்படித் தெரியும் என்று 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். முற்பிறப்பின் வினையால் இப்பிறப்பில் இழிவு என்ற விளக்கத்தை மேலே இருப்பவர் நம்பலாம். கீழே இருப்பவர் அதை ஏற்றுக்கொண்டு மகிழ்ந்திருக்கவில்லை, சாதியைச் சுரண்டல் என்றே உணர்ந்திருந்தனர் என்பது அவர் கண்ட உண்மை. கடல் கடந்து வந்த பெண்மணிக்குப் புலப்பட்டது உள்ளூர் அறிஞர் பலருக்குப் புலப்படாமற் போனதேன்? அவர் கண் கூரியது என்பதைவிட, அவர் நின்ற இடம் வேறு என்பதே விடை.

திண்ணையே வேண்டாம் என்று முடிவு செய்தவரும் உண்டு. ஜப்பானிய அறிஞர் ஹாருகா யானகிசாவா, இலால்குடி வட்டாரத்துக் கிராமங்களின் பழைய நிலப் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டு, எந்த வயல் எந்தப் பெயரில், அந்தப் பெயர் எந்தச் சாதியில் என்று வரிவரியாக எண்ணினார். 1860கள் முதல் 1970கள் வரை நன்செய் நிலம் பார்ப்பனர் கையிலிருந்து மெல்ல மெல்ல நழுவியதையும், கீழே இருந்தோரில் சிலர் துண்டு துண்டாக நிலம் பெற்றதையும் 1996இல் வெளியிட்ட நூலில் காட்டினார். மாறாதது என்று பேசப்பட்ட கிராமம், வரி வசூலிக்க எழுதிய ஏட்டிலேயே மாறிக்கொண்டிருந்திருக்கிறது! ஏட்டை எழுதியவர் கணக்குப்பிள்ளை. அவருக்கும் ஒரு சாதி உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் பட்டா மாற்றத்தை மறைப்பது, மனத்தில் உள்ளதை மறைப்பதைப் போல் எளிதன்று.

அடுத்த குறை, இடைவெளிகளைப் பற்றியது. 1916, 1937, 1961, 1980களின் தொடக்கம், 2008. ஏறக்குறைய இருபது இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை விளக்கேற்றிப் பார்க்கிறோம். நடுவில் நடந்தது இருட்டில் நடந்தது. தஞ்சை மாவட்டத்தின் பாலக்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்வெல் வந்து சென்றதற்கும் குகன் வந்ததற்கும் இடையில், அதே நாகை வட்டாரத்தில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து சாம்பலாயின. கூலி உயர்வு கேட்டதற்கான விலை! 1961இல் இத்தனை படி, 1983இல் இத்தனை படி என்று இரு எண்களை அருகருகே வைத்தால், கூலி ஏறியது தெரியும். ஏன் ஏறிற்று? விளைச்சல் பெருகியதாலா, புது நெல் விதையாலா, மின் இறைப்பியாலா? இவை அனைத்தும் உண்மை. ஆனால் கொடி பிடித்தவனும் கொள்ளி வைத்தவனும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நிற்கின்றனர். அவர்களை வினாத்தாள் கேட்பதில்லை.

1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டமும் அவ்வாறே. அதற்கு முன் பண்ணையாளின் குடிசை பெரும்பாலும் பண்ணையாரின் மண்ணில் நின்றது. கூலி போதாது என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரி என்பார். பிரித்த ஓலையைத் தலையில் சுமந்து மனைவி மக்களோடு எங்கே செல்வது? வாய் மூடிற்று. சட்டம் வந்து, குடிசை நின்ற சிறு மனை குடியிருந்தவனுக்கே உரிமை ஆயிற்று. பொருளாதாரக் கணக்கில் அந்த மனையின் விலை அற்பம். ஏக்கர்ப் பட்டியலில் அது வரவே வராது. ஆனால் சேரியில் ஒருவன் முதன்முதலாக ‘முடியாது’ என்று சொல்ல அந்த அற்ப மனை போதுமானதாயிருந்தது. இத்தகைய மாற்றத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அறிஞர்க்கு இது தெரியாததன்று. வினாத்தாள் 1916இல் அச்சானது, அதனோடு ஒப்பிட வேண்டுமானால் அதே கட்டங்களைத்தான் நிரப்ப வேண்டும் என்பது அவர்தம் இடர்ப்பாடு. ஒப்பியல் ஆய்வின் வலிமை எதுவோ அதுவே அதன் விலங்குமாகிறது.

இவை எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அதைக் காணக் கிராமத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. காந்தி நகரிலிருந்து அடையாற்றுப் பாலத்தைக் கடந்தால் போதும். ஊரில் இருப்பவரை எண்ணினர். ஊரைவிட்டுப் போனவரை எண்ணவில்லை. நிலத்தை விற்றோ குத்தகைக்கு விட்டோ, பிள்ளையின் படிப்பையும் உத்தியோகத்தையும் நாடிப் புறப்பட்ட அக்கிரகாரம் எங்கே வந்திறங்கிற்று? மயிலையில், தியாகராய நகரில். நீதிக்கட்சித் தலைவர் பெயர் தாங்கி, 1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர் இது! கிறிஸ் ஃபுல்லர், ஹரிப்பிரியா நரசிம்மன் ஆகிய இருவரும் கும்பகோணத்தை அடுத்த திப்பிராஜபுரத்துப் பார்ப்பனக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து, ஊரிலும் சென்னையிலும் அமெரிக்காவிலும் தேடிச் சென்று, 2014இல் நூலெழுதினர். நிலவுடைமைச் சாதி நகரத்து நடுத்தர வகுப்பாக உருமாறிய வரலாறு அது. செய்ய வேண்டிய முறை அதுவே. ஆனால் அது பயணத்தின் ஒரு பாதி.

மறு பாதியும் அதே இரயிலில்தான் வந்தது. இறங்கிய இடம் வேறு. தியாகராய நகரில் நாம் பாடம் நடத்தும் வகுப்பில், உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எதற்காகச் சென்னைக்கு வந்தது என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதி வருமாறு மாணவரிடம் சொன்னோம். ஆண்டை எழுதி வந்தவர் சிலரே. “இந்திப் போராட்டம் நடந்த வருஷம் சார்” என்றான் ஒருவன். “எம்.ஜி.ஆர். செத்த வருஷம்னு ஆயா சொல்லுது” என்றாள் ஒருத்தி. 1965, 1987 என்று கரும்பலகையில் நாம் எழுத, தங்கள் பாட்டியின் வாய்ச்சொல் எண்ணாக மாறுவதைக் கண்டு வகுப்பே வியந்தது. வந்த காரணத்தைப் படித்தபோது வியப்பு நமக்கு. பாட்டனாரின் அரசு வேலையை எழுதியவனும், பண்ணையார் மாட்டை அவிழ்த்துவிட்டு இரவோடிரவாக ஓடிவந்த பாட்டனை எழுதியவனும் ஒரே மாவட்டத்தார். இரு ஊருக்கும் இடைவெளி நடக்கும் தொலைவு. முன்னவன் குடும்பத்துக்கு ஆழ்வார்ப்பேட்டையில் அடுக்கு மாடி வீடு. பின்னவன் குடும்பம் அடையாற்றங்கரையில் குடிசை போட்டது. 2015ஆம் ஆண்டின் வெள்ளத்துக்குப் பின் கரையோரக் குடிகள் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டபோது உறவினர் பாதிப்பேர் அங்கு சென்றுவிட்டனர். 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்குப் பெயர்க்கப்பட்டோரின் கதையும் இதன் உடன்பிறப்பே. கிராமத்து வரப்பு நகரத்துக்குள் வந்து எங்கே கிடக்கிறது என்று ஆராய வேண்டுமானால், ஆழ்வார்ப்பேட்டையையும் பெரும்பாக்கத்தையும் விட்டுவிட்டுத் தஞ்சையை மட்டும் எண்ணுவது எங்ஙனம் போதும்? மறுகுடியமர்வைப் பற்றி அடையாற்று நிறுவனத்தாரே ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். ஆனால் அது நகர ஆய்வு என ஒரு பெட்டியில், இது கிராம ஆய்வு என இன்னொரு பெட்டியில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஓடி வந்த பாட்டன் இரண்டு பெட்டியிலும் இல்லை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. 1918இன் நூல் ஆங்கிலம். 1940இன் நூல் ஆங்கிலம். 1967இலும் ஆங்கிலம், 1983இலும் ஆங்கிலம், 2010இலும் ஆங்கிலம். உலக அறிஞர் படிக்க ஆங்கிலம் வேண்டும். அதனை மறுப்பார் யார்? ஆனால் விடை சொன்னவன் தமிழிலே சொன்னான். தன் கடனையும் கூலியையும் பட்டினியையும் ஒளிவின்றிச் சொன்னான். அந்தச் சொற்கள் வேறொரு மொழியில் ஏறி, வேறொரு ஊருக்குச் சென்று, திரும்பி வரவே இல்லை. பெற்றதைத் திருப்பித் தராததற்குப் பண்ணையில் ஒரு பெயர் உண்டு. அறிஞர் உலகில் அதற்குப் பெயர் இல்லை போலும்! இருவேல்பட்டுப் பள்ளியில் பயிலும் பிள்ளை, தன் முப்பாட்டன் எத்தனை படிக்கு உழைத்தான் என்பதை அறிய, ஆங்கிலத்தில் பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டுமா? ஐந்து கணக்குகளையும் ஒன்றாக்கி, ஊருக்கு ஒரு சிறு நூலாக, ஏழாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் தமிழில் அச்சிட்டால் எவ்வளவு செலவாகும்? 2008இன் ஆய்வாளர்களுள் ஒருவரான ஜெயரஞ்சன் 2021இல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவராகவே அமர்ந்தார். கிராமக் கணக்கு எடுத்தவர் கோட்டை வரை செல்ல முடிகிறது என்பது நமக்குப் பெருமை. அந்தக் கணக்கு கிராமத்துக்குச் செல்ல மட்டும் வழியில்லை என்பதை நம்ப முடியவில்லை.

நம் இளைஞர் படிப்பகங்களில் இதனைத் தொடங்கலாம். ஆராய்ச்சிப் பட்டமோ அரசு மானியமோ வேண்டாம். உன் தெருவில் எத்தனை வீடு, யார் எங்கிருந்து வந்தார், எந்த ஆண்டில், அதற்கு முன் நிலம் இருந்ததா, இருந்தது போனதா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினால் போதும். தேதி இட வேண்டும். யார் சொன்னார், எந்த இடத்தில் அமர்ந்து கேட்டோம் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும். பெரிய அறிஞர்கள் எழுதத் தவறிய வரி அது.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, இருவேல்பட்டு மக்கள் நிவாரணம் வரவில்லை என்று நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தனர். பார்வையிடச் சென்ற அமைச்சர்மீது சேறு வீசப்பட்டது. செய்தியேடுகள் சேற்றைப் பெரிதாக எழுதின; கட்சிகள் அதையொட்டி ஒருவரையொருவர் வசை பாடின. இந்தத் தமிழ்நாட்டிலேயே மிகுதியாக எண்ணப்பட்ட ஊர்களில் அது ஒன்று என்பதை நாம் படித்த செய்திகளில் யாரும் குறிப்பிடவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்குச் செல்பவர் சாலையில் அமர்ந்தவர் எத்தெருவினர், எவர் வயல் மூழ்கிற்று, எவர் வீடு மூழ்கிற்று, நிவாரணத் தொகை யார் வாசலுக்கு முதலில் வந்தது என்று கேட்டு எழுதட்டும். ஆற்றங்கரைத் தெருவிலிருந்து தொடங்கட்டும்.